மூன்றாவது குறை

பெரியவளுக்கு ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியில் செக்கர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே மேஜை, அதே நாற்காலி, தலைக்கு மேலே அதே குழல்விளக்கு. தைத்து முடித்த சட்டைகள் வந்து குவியும். ஒவ்வொன்றாக எடுத்துக் காலரைப் பார்ப்பாள், கைப்பட்டையைப் பார்ப்பாள், பட்டன் துளையை விரலால் தடவுவாள், உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பாள். நூல் பிசிறு, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், எதுவும் தப்பாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதை இவளை வைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். தையல் பிரிவில் இவளுக்குக் 'கண்கொத்தி' என்று பட்டப்பெயர். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. கோபப்படுவது மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாளே தவிர, உள்ளூரப் பெருமைதான்.

அந்தக் கம்பெனியில் ஒரு முறை உண்டு. ஒரு சட்டையில் மூன்று குறை கண்டுவிட்டால் நான்காவதைத் தேடக் கூடாது. அப்படியே சுருட்டிச் சிவப்புக் கூடையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். மூன்று குறை உள்ள சட்டையின் மிச்சப் பாகம் எவ்வளவு அழகாக இருந்தால்தான் என்ன, எந்தக் கடைக்காரன் வாங்கப்போகிறான்? பெரியவளின் கை அதற்கு அப்படியே பழகிவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, கூடை.

வேலை முடிந்து வந்தால் அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டா வர முடியும்? அதுவும் கூடவே மூன்று மாடி ஏறி வரும். டயர் கடைக்கு மேலே ஓர் அறை, ஓரமாக ஒரு சமையல் மேடை, கதவு சரியாகச் சாத்தாத ஒரு குளியலறை. அங்கே இருந்தது அவளும் அவள் தங்கையும்தான். படுக்கை விரிப்பின் ஓரம் கோணலாக இருந்தால், "என்னடி இது லட்சணம்? முதல்லேருந்து திரும்பப் போடு" என்பாள். பாத்திரத்தில் ஒரு சோப்பு நுரை ஒட்டியிருந்தால், "திரும்பக் கழுவு." திட்டுகிறோம் என்று அவள் நினைத்ததே இல்லை. தப்பைச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

அதற்காக அவளைக் கெட்டவள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அம்மா முன்பே போய்விட்டாள். அப்பா போனபோது பெரியவள் கல்லூரியில் இரண்டாம் வருஷம், சின்னவளுக்குப் பத்து வயசு. ஒரே வாரத்தில் புத்தகத்தை மூடிவிட்டுச் சட்டைக் கம்பெனிக்குள் நுழைந்தவள் இவள். தங்கையைப் படிக்க வைத்தாள், கல்லூரியில் சேர்த்தாள், நல்ல இடம் வருகிறதென்று மூன்றாம் வருஷத்தின் நடுவிலேயே கல்யாணமும் செய்து வைத்தாள். நல்ல இடத்தின் லட்சணம் ஒரே வருஷத்தில் தெரிந்துபோயிற்று. அவன் ஒரு நாள் கிளம்பிப் போனவன்தான், இன்றுவரை திரும்பவில்லை. சின்னவள் ஒரு பெட்டியோடு அக்காவின் அறைக்கு வந்து சேர்ந்தாள். பதினோரு வருஷம் ஆகிறது. அக்கா ஒரு தடவைகூட "நீ எனக்குப் பாரம்" என்று சொன்னதில்லை. தனக்கென்று ஒரு கல்யாணத்தைப் பற்றி மூச்சு விட்டதும் இல்லை.

படிப்பு மறுபடி வந்த கதை தனி. பேக்கிங் பிரிவில் ஒருத்தி செல்போனில் ஒரு விளம்பரம் காட்டினாள். கடல் தாண்டி எங்கேயோ ஒரு பல்கலைக்கழகம். எல்லாம் ஆன்லைன். பாடத்துக்குக் கட்டணம் கிடையாது, பரீட்சைக்கு மட்டும்தான். அதையும் கட்ட முடியாதவர்களுக்குச் சலுகை தருவார்களாம். பழைய கல்லூரி மதிப்பெண்ணை அனுப்பினால், படித்த வருஷங்களைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைப் படித்தால் போதும். பெரியவள் அந்த விளம்பரத்தையும் சட்டையைப் புரட்டுகிற மாதிரி நாலு நாள் புரட்டிப் பார்த்தாள். குறை எதுவும் அகப்படவில்லை. அக்கா தங்கை இரண்டு பேருமே விண்ணப்பித்தார்கள். இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது, சலுகையும் கிடைத்தது.

வந்த கடிதத்தில் 'சர்வதேச மாணவி' என்று போட்டிருந்தது. சின்னவள் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, நீ சர்வதேச மாணவியாம். நீ கடைசியா இந்த ஊரைத் தாண்டினது எப்போன்னு ஞாபகமாவது இருக்கா?" பெரியவளுக்கும் சிரிப்பு வந்தது. அந்த அறையில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அபூர்வம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

மூன்று வருஷம் ஓடியது. ஒரே ஒரு பழைய லேப்டாப். காலையில் ஐந்திலிருந்து ஆறு வரை பெரியவளுக்கு, ஆறிலிருந்து ஏழு வரை சின்னவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை பாதிப் பாதி. சின்னவள் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் தற்காலிக வேலை பார்த்தாள். பட்டம் வாங்கிவிட்டால் பதிவேட்டுப் பிரிவில் நிரந்தரமாகப் போடுவதாக அங்கே சொல்லியிருந்தார்கள். அவள் உயிரைக் கொடுத்துப் படித்தது அதற்காகத்தான் என்று பெரியவள் நினைத்தாள். சலுகைக்கு மட்டும் ஒரு கடுமையான நிபந்தனை. எந்தப் பாடத்திலும் அறுபதுக்குக் கீழே போகக் கூடாது. ஒரு தடவை போனாலும் சலுகை போச்சு. முழுக் கட்டணம் கட்டிப் படிக்கிற வசதி சின்னவளுக்கு எந்த ஜன்மத்திலும் வரப்போவதில்லை. அப்புறம் படிப்புக்கு ஒரு கும்பிடு போட வேண்டியதுதான்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் திருத்துகிற முறை விசித்திரமானது. வாத்தியார் திருத்த மாட்டார். மாணவர்களே ஒருவர் கட்டுரையை ஒருவர் திருத்திக்கொள்ள வேண்டும். உன் கட்டுரை பெயரில்லாமல் மூன்று பேருக்குப் போகும், வேறு மூன்று பேருடையது பெயரில்லாமல் உனக்கு வரும். பத்துக்கு இவ்வளவு என்று போட்டு, ஏன் என்று கீழே இரண்டு வரி எழுத வேண்டும். மூன்று பேர் போட்டதன் சராசரியை நூற்றுக்குக் கணக்கிட்டால் அதுதான் மதிப்பெண். பெரியவளுக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அவள் வாழ்க்கை முழுக்கச் செய்துகொண்டிருந்ததே அதுதானே.

கடைசியாகத் தலைமைப் பண்பு பற்றிய பாடம். பெரியவளுக்கு அதோடு படிப்பு முடிகிறது. சின்னவளுக்கு அதற்கு அப்புறம் ஒன்றே ஒன்று பாக்கி. இரண்டு பேரும் ஒரே வகுப்பில் விழுந்தார்கள். 'உங்களை உருவாக்கிய ஒரு மேலதிகாரியைப் பற்றி எழுதி, அவருடைய முறையை மதிப்பிடுக' என்பது கட்டுரை. பெரியவள் தன் பழைய சூப்பர்வைசரைப் பற்றி எழுதி அனுப்பிவிட்டாள். சின்னவள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். கெடு முடிகிற நாளன்று காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் வந்தாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவை படிச்சுப் பாரேன்."

"திருத்துறதுக்கு முன்னாடி வகுப்புல இருக்கிற யாருக்கும் காட்டக் கூடாதுன்னு போட்டிருக்கு. படிக்கலையா நீ?"

"நீ என் அக்காதானே. யாருக்குத் தெரியப்போகுது?"

"யாருக்கும் தெரியாதுன்னா தப்பு தப்பில்லாம போயிடுமா? எடுத்துட்டுப் போ."

சின்னவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டாள். அப்புறம் திரும்பிப் போய் அனுப்பிவிட்டாள்.

அடுத்த வாரம் பெரியவளுக்கு மூன்று கட்டுரைகள் வந்தன. முதலாவது யாரோ ஒரு லாரி ஓட்டுநர் எழுதியது. சுமார், ஆறு போட்டாள். இரண்டாவது ஒரு கண் மருத்துவமனையைப் பற்றியது. வரவேற்பு மேஜை, வரிசையில் காத்திருக்கும் கிழவர்கள், அன்பான ஒரு தலைமை நர்ஸ். பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இது சின்னவளுடையது, சந்தேகமே இல்லை. வாசகங்கள் அங்கங்கே தளர்வாகத்தான் இருந்தன. ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கண்கொத்தி கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்பது போட்டாள். 'மிக நன்று' என்று எழுதினாள். நேர்மை தவறிவிட்டோமே என்று அன்றைக்கெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்தது. இருக்கட்டும், தங்கைக்காகத்தானே.

அந்த உறுத்தலை எங்கேயாவது ஈடுகட்ட வேண்டாமா? மூன்றாவது கட்டுரை வசமாக மாட்டிக்கொண்டது.

அது யாரோ ஒருவர் தன் மேலதிகாரியைப் பற்றி எழுதியது. அந்த அம்மாளுக்கு எதைச் செய்தாலும் குற்றம். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிக்கச் சொல்வாராம். அவர் படியேறி வருகிற சத்தம் கேட்டாலே இவர் எழுந்து எல்லாவற்றையும் மறுபடி அடுக்குவாராம். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட 'நன்றாகச் செய்தாய்' என்று அவர் வாயிலிருந்து வந்ததில்லையாம். பெரியவள் உதட்டைப் பிதுக்கினாள். எந்த இடத்தில் என்ன வேலை என்றே சொல்லவில்லை, குறை ஒன்று. வெறும் புகார், தேதி போட்டு ஒரு சம்பவம்கூட இல்லை, குறை இரண்டு. படித்த புத்தகங்களின் பட்டியலைக் காணோம், குறை மூன்று. நாலு பக்கக் கட்டுரையில் மூன்றாம் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டாள். பத்துக்கு இரண்டு போட்டாள். கீழே இப்படி எழுதினாள்: 'ஏற்க முடியாது. இப்படி ஒருவரிடம் ஒருவர் பதினோரு வருஷம் இருந்தார் என்பது நம்பும்படி இல்லை. முதலிலிருந்து திரும்பச் செய்யவும்.'

பதினோரு வருஷம் என்பதைத் தன் கையாலேயே எழுதினாளே, அப்போதாவது உறைக்க வேண்டாமா? உறைக்கவில்லை. சட்டையைப் பார்க்கிறவள் கண்ணாடியைப் பார்ப்பதில்லை.

ஒரு வியாழக்கிழமை மதிப்பெண் வந்தது. பெரியவள் தேறிவிட்டாள். சின்னவளுக்கு ஐம்பத்தேழு.

"மூணு மார்க்ல போச்சுக்கா" என்றாள் சின்னவள். அழவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு, மருத்துவமனைச் சீருடையை இஸ்திரி போட உட்கார்ந்தாள்.

பெரியவளுக்குத்தான் வெறி பிடித்தது. தான் ஒன்பது போட்டும் எப்படிப் போகும்? அப்படியென்றால் வேறு யாரோ அடிமட்டத்துக்குப் போட்டிருக்க வேண்டும். "எவ அவ? கண்ணை எங்க வச்சுக்கிட்டுப் படிச்சா? கை விளங்குமா அவளுக்கு? காட்டுடி, என்னதான் எழுதியிருக்கான்னு பார்ப்போம்."

"விடுக்கா."

"எப்படி விடுறது? மேல்முறையீடு பண்ணலாம்னு இருக்கே. ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி வரைக்கும் டைம் இருக்கு."

"பண்ணினாலும் ஒண்ணும் ஆகாது. விடேன்."

"உனக்கு ரோஷமே கிடையாதா? மூணு வருஷம் படிச்சதை ஒருத்தி ரெண்டு வரியில கெடுத்துட்டுப் போவா, நீ பேசாம இஸ்திரி போட்டுட்டு இருப்பே!"

சின்னவள் சீருடையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைத் தேய்த்தாள். ஆனால் வெள்ளி, சனி இரண்டு நாளும் மனசு கேட்காமல் தன் கட்டுரை எண்ணைப் போட்டுப் போட்டு அந்த மதிப்பெண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள், மாறியிருக்காதா என்று. பெரியவள் இரண்டு நாளும் அந்த முகம் தெரியாதவளைச் சபித்துத் தீர்த்தாள். கம்பெனிக் கேன்டீனில் உட்கார்ந்துகூடச் சபித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சின்னவளுக்கு அரை நாள் வேலை. அவள் போனதும் பெரியவள் லேப்டாப்பைத் திறந்தாள். தங்கையின் கடவுச்சொல் அவளுக்குத் தெரியும், அதை வைத்துக் கொடுத்ததே அவள்தான். தங்கைக்குத் துப்பில்லை, நாமே முறையிட்டுவிடுவோம் என்று கட்டுரையைத் திறந்தாள்.

மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிக்கச் சொல்லும் அம்மாள் அங்கே இருந்தாள்.

பக்கம் மாறி வந்துவிட்டோமோ என்று முதலில் நினைத்தாள். மேலே தங்கையின் பெயர் இருந்தது. அப்படியென்றால் அந்தக் கண் மருத்துவமனைக் கட்டுரை வேறு யாருடையதோ. கீழே மூன்று பேர் போட்ட மதிப்பெண். எட்டு, ஏழு, இரண்டு. இரண்டுக்குப் பக்கத்தில் 'ஏற்க முடியாது' என்று தொடங்கும் வரிகள். பெரியவளே எழுதியவை. இரண்டு நாளாகச் சபித்தாளே, அத்தனையும் வீடு தேடி வந்து நின்றது. அப்புறம், அன்று படிக்காமல் விட்ட நாலாவது பக்கத்துக்குப் போனாள்.

'இதுவரை எழுதியதைப் படித்தவர்கள் இவரை வெறுத்திருப்பீர்கள். வெறுக்காதீர்கள். இவர் என் மேலதிகாரி இல்லை, என் அக்கா. எனக்காகத் தன் படிப்பை விட்டவர். எனக்கு இவர்மேல் கோபம் இல்லை. பயம் இருக்கிறது. இந்தப் படிப்பு முடிந்து வேலை நிரந்தரமானால் நான் தனியாக ஓர் அறை எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா என்னைப் பார்க்க வருவார், கதவைத் தட்டுவார். என் வீட்டில் வந்து உட்கார்ந்தால் அவர் எதையும் சரிபார்க்க மாட்டார், என்னைப் பார்ப்பார் என்று நம்புகிறேன். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் படிக்கிறேன்.'

அதற்குக் கீழே, படித்த புத்தகங்களின் பட்டியல் வரிசை பிசகாமல் இருந்தது.

பெரியவள் அழுதாள். சத்தமில்லாமல் எல்லாம் இல்லை, வாய்விட்டே அழுதாள். கீழே டயர் கடையில் காற்றடிக்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

சின்னவள் ஒன்றேகாலுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே லேப்டாப் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"அந்த ரெண்டு மார்க் போட்டது நான்தான்" என்றாள் பெரியவள்.

"தெரியும்க்கா."

"எப்போ தெரியும்?"

"வியாழக்கிழமையே. முதல்லேருந்து திரும்பச் செய்னு வேற யாரு சொல்வா?"

"தெரிஞ்சுமா வாயைத் திறக்காம இருந்தே? ரெண்டு நாளா நான் கத்துறதைக் கேட்டுக்கிட்டு?"

சின்னவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள்.

பெரியவள் அதற்குமேல் கேட்கவில்லை. அவள் ஏற்கெனவே ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். திருத்தியவரே தன் தவறை ஒப்புக்கொண்டு அனுப்புகிற ஒரு படிவம் உண்டு. கட்டுரையின் எண்ணை எழுதி, முழுவதும் படிக்காமல் மதிப்பெண் போட்டேன் என்று ஒப்புக்கொண்டால், அந்த மதிப்பெண்ணை நீக்கிவிட்டு மற்ற இரண்டு பேர் போட்டதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். சின்னவள் தாராளமாகத் தேறிவிடுவாள். ஆனால் ஒப்புக்கொண்டவருக்கு அந்தப் பாடத்தில் வந்த மதிப்பெண் ரத்து, அதோடு சலுகையும் போச்சு.

"வேணாம்க்கா. உன் டிகிரி போயிடும்."

"போனா போகட்டும்."

"இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தியே அக்கா."

"சும்மா இருடி. ரெண்டு மணிக்கு மூடிடுவான்."

அவசர அவசரமாகத் தட்டினாள். கண்ணில் தண்ணீர் நிற்காமல் திரை மங்கியது. ஒரு காகிதத்தில் குறித்துவைத்த பதினோரு இலக்கக் கட்டுரை எண்ணைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். ஒரே ஒரு தடவைதான் அனுப்ப முடியும் என்று மேலே சிவப்பில் போட்டிருந்தது. முடித்தபோது இரண்டு மணிக்கு ஆறு நிமிஷம் இருந்தது. அப்போது, வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தாள். நாற்காலியிலிருந்து எழுந்து தங்கையை உட்கார வைத்தாள்.

"தப்பு இருக்கான்னு பாரு. ஒண்ணு விடாம பாரு. என் கண்ணு தெரியலை."

சின்னவள் முதல் வரியிலிருந்து படித்தாள். ஓர் இடத்தில் அவள் விரல் நின்றது. அக்காவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பெரியவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, செக்கிங் மேஜையில் நிற்கிற மாதிரியே பின்னால் நின்றிருந்தாள்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணும் இல்லக்கா. சரியா இருக்கு."

பெரியவள் எட்டி அனுப்பும் பட்டனை அழுத்தினாள். அப்புறம் தங்கையின் தலையில் கை வைத்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வைத்த கை. சின்னவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பதில் வந்தது. இரண்டே பத்தி. முழுவதும் படிக்காமல் மதிப்பிட்டதாக ஒப்புக்கொண்டதால் உங்கள் மதிப்பெண் ரத்து செய்யப்படுகிறது என்று முதல் பத்தி. நீங்கள் குறிப்பிட்ட எண்ணில் எந்தக் கட்டுரையும் இல்லை, திருத்தி அனுப்புவதற்கான கெடு முடிந்துவிட்டது, எனவே வேறு யாருடைய மதிப்பெண்ணிலும் மாற்றம் இல்லை என்று இரண்டாவது.

பெரியவள் காகிதத்தையும் படிவத்தின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நடுவில் நாலும் ஏழும் இடம் மாறியிருந்தன. அவ்வளவுதான். இரண்டு பேருடைய படிப்பும் அந்த இரண்டு இலக்கத்தில் போய்விட்டது. தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. பிறகுதான் சின்னவளின் விரல் ஓர் இடத்தில் நின்றது நினைவுக்கு வந்தது.

சின்னவள் வேலைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"இந்த நம்பரை ரெண்டு நாளா போட்டுப் போட்டுப் பார்த்தே. உனக்கு மனப்பாடம். அன்னைக்கு இது உன் கண்ணுல படலையா?"

சீப்பு நின்றது.

"பட்டுச்சு."

"பட்டுச்சா? அப்புறம் ஏண்டி சொல்லலை? உன் படிப்புடி. உன் வேலை, உன் ரூமு, எல்லாம் அதுல இருந்ததே. ஒரு வார்த்தை, தப்பா இருக்குன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

சின்னவள் கண்ணாடியிலிருந்து திரும்பவில்லை. சின்ன வயசில் பரீட்சைத் தாளை நீட்டும்போது வருகிற அதே குரலில்தான் சொன்னாள்.

"நீ எழுதினதுல தப்பு இருக்குன்னு உன்கிட்ட எப்படிக்கா சொல்றது?"